டிஸ்சார்ஜ் புக்கைக் கைமாற்றாதீர்கள்: விடுபட்ட இரண்டு மெடலுக்காக நான் தொலைத்த 23,500 ரூபாய்

வீட்டில் முன்னாள் ராணுவத்தினர் இருப்பவர்கள் இதைப் படியுங்கள். டிஸ்சார்ஜ் புக் என்பது ஓய்வு பெறும்போது ராணுவம் கையில் கொடுக்கும் சர்வீஸ் ஏடு. "டிஸ்சார்ஜ் புக்கில் மெடல் விடுபட்டிருக்கிறது, வேலை பார்த்த இடம் ஏறவில்லை, நான் சரிசெய்து தருகிறேன்" என்று யாராவது உங்களைத் தேடி வந்திருந்தால் பணத்தை எடுப்பதற்கு முன் படியுங்கள். ஏமாந்தது என் அப்பா அல்ல, நான்தான். அவர் முதல் நாளே வேண்டாம் என்றார்.

அப்பா ராணுவத்தில் ஓட்டுநர். 1976-ல் சேர்ந்து, 24 ஆண்டுகள் முடித்து, 2000-ல் ஹவில்தாராக ஊர் திரும்பினார். நாங்கள் வேலூர்ப் பக்கம். இங்கே தெருவுக்கு நாலு வீட்டில் டிரங்குப் பெட்டி இருக்கும், பெட்டியில் பெயரும் நம்பரும் வெள்ளைப் பெயின்ட்டில் இருக்கும். அதனால்தான் இந்த மாதிரி ஆட்களும் இங்கே சுற்றுகிறார்கள் என்று இப்போது புரிகிறது.

2024 டிசம்பர் 7, கொடிநாள் நிகழ்ச்சிக்கு அப்பா கோட்டில் மெடல் குத்திக்கொண்டு போனார். மொத்தம் நான்கு: சைன்ய சேவா மெடல், சுதந்திரப் பொன்விழா மெடல், இருபது ஆண்டு சேவைக்கு ஒன்று, ஒன்பது ஆண்டு சேவைக்கு ஒன்று. அவரோடு பணியாற்றிய சுபேதார் மாமா அதைப் பார்த்துவிட்டு, "என்ன, ஸ்ரீலங்காவைக் காணோம்? லேவையும் காணோம்?" என்றார். அப்பா சிரித்து மழுப்பினார். நான் மழுப்பவில்லை. அன்று இரவே டிஸ்சார்ஜ் புக்கை எடுத்துப் பார்த்தேன். பதக்கங்களுக்கான பகுதியில் அந்த நான்கு மட்டும்தான். 1988-லிருந்து பதினான்கு மாதம் யாழ்ப்பாணத்தில் இருந்தார். அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. 1993-ல் லே இருக்கும் லடாக்கில் பனியில் வண்டி ஓட்டினார். அதற்குரிய மெடலும் இல்லை.

யாழ்ப்பாணத்தைப் பற்றி அப்பா எங்களிடம் பேசியதே கிடையாது. பலாலி விமானத்தளத்தில் ஒரு லாரியின் பக்கத்தில் நிற்கும் புகைப்படம் ஒன்று மட்டும் பெட்டியில் கிடந்தது. தமிழ் பேசும் ஊருக்குத் துப்பாக்கியோடு அனுப்பப்பட்ட தமிழ்ச் சிப்பாய் ஊருக்கு வந்து அதை எப்படிச் சொல்வான்? இந்தியா இலங்கைக்கு அனுப்பிய அமைதிப்படையில் போனவர்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் திரும்பவில்லை. திரும்பியவர்களை வரவேற்க 1990-ல் அன்றைய முதல்வர் கருணாநிதி துறைமுகத்துக்குப் போகவில்லை. அந்த அரசியலுக்குள் நான் போகப்போவதில்லை. என் எண்ணமெல்லாம் ஒன்றுதான்: அவர் பேசாவிட்டாலும் ஏடாவது பேச வேண்டும். அந்த ஆசையில்தான் விழுந்தேன்.

ஜனவரியில் அப்பாவுக்குச் சர்க்கரை மாத்திரை வாங்க இசிஎச்எஸ் எனப்படும் முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டத்தின் மருந்தகத்துக்குப் போயிருந்தேன். வெளியே வேப்பமரத்தடி பெஞ்சில் ஒருவர், மடியில் நீல நிற ஃபைல், ஒட்ட வெட்டிய தலை, பாலிஷ் போட்ட கறுப்பு ஷூ. வரிசையில் நிற்பவர்களிடம் அவராகவே பேச்சுக் கொடுப்பார். சிப்பாய்களின் சர்வீஸ் கோப்புகளை வைத்திருக்கும் ரெக்கார்ட் ஆபீஸில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவராம். பார்ட் டூ ஆர்டர், ஷீட் ரோல், பிபிஓ என்று எல்லா வார்த்தையும் அவர் வாயில் சரளமாக வந்தது. நான் மெடல் விஷயத்தைச் சொன்னதும் அவர் கேட்டது, அப்பா எந்த ஆண்டு ஓய்வு பெற்றார் என்று. 2000 என்றேன். உச்சுக்கொட்டினார்.

"இருபத்தைந்து ஆண்டு ஆனால் ஃபைலை எரித்துவிடுவார்கள் அம்மா. இந்த ஆண்டோடு முடிகிறது."

இந்தப் பொய்யில் பாதி உண்மை இருந்ததுதான் என் கெட்ட நேரம். அப்படி ஒரு விதி இருக்கிறது. ஆனால் அது ஓய்வூதியம் இல்லாமல் வெளியேறியவர்களின் ஆவணங்களுக்கு. மாதாமாதம் ஓய்வூதியம் வாங்கும் என் அப்பாவின் கோப்புக்கு அந்தக் கெடு பொருந்தாது. இது எனக்கு ஆறு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. அன்றைக்குத் தெரிந்ததெல்லாம் நெருப்பு மட்டும்.

முதலில் 6,000 ரூபாய், "ஃபைலை மேலே எடுக்க". பிறகு 8,500, "யூனிட்டிலிருந்து உறுதிச் சான்று வாங்க". பிறகு 9,000, "மெடலும் சீலும் சேர்த்து". ரசீது கேட்டால், இந்த வேலைக்கு எவன் ரசீது தருவான் என்று சிரிப்பார். டிரிப்யூனலுக்குப் போனால் லட்சம் ஆகும், ஐந்தாண்டு இழுக்கும் என்பார். மெடல் ஏறிவிட்டால் பென்ஷன் கூடும், பாக்கித் தொகையும் வரும் என்றும் சொன்னார். இதுவும் பச்சைப் பொய். பரம் வீர் சக்ரா, மகாவீர் சக்ரா, வீர் சக்ரா, அசோக சக்ரா வரிசை, வீரத்துக்கான சேனா மெடல் போன்ற வீர விருதுகளுக்குத்தான் மாதப்படி உண்டு. ஓர் இடத்தில் பணியாற்றியதற்காகக் கொடுக்கும் மெடலுக்கு ஒரு பைசா கிடையாது. பணத்துக்காக நாங்கள் கேட்கவும் இல்லை, ஆனாலும் அந்தப் பேச்சு காதுக்கு இனிமையாகத்தான் இருந்தது என்பதை மறைக்கப்போவதில்லை.

ஒருமுறை வீட்டுக்கே வந்தார். அப்பாவை "ஹவில்தார் சார்" என்று விளித்து சல்யூட் அடித்தார். இன்னும் ஐயாயிரம் கொடுத்தால் கார்கிலுக்கான ஆப் விஜய் ஸ்டாரையும் சேர்த்துவிடலாம் என்றார். அப்பா காபித் தம்ளரைக் கீழே வைத்தார். "1999-ல் நான் செகந்திராபாத்தில் தண்ணீர் லாரி ஓட்டிக்கொண்டிருந்தேன். கார்கிலில் செத்தவனின் மெடலை நான் எதற்குக் குத்திக்கொள்ள வேண்டும்?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். அங்கேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும். போகாத இடத்தைச் சேர்க்கத் தெரிந்தவன் போன இடத்தை எப்படிச் சேர்ப்பான் என்று யோசித்திருக்க வேண்டும். நான் வாசல் வரை போய் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். இதை எழுதும்போது இன்றும் கூசுகிறது.

அன்று ஒரிஜினல் டிஸ்சார்ஜ் புக்கை வாங்கிக்கொண்டு போனார். பென்ஷனுக்கான ஸ்பர்ஷ் இணையக் கணக்கின் பாஸ்வேர்டையும், போனுக்கு வரும் ஓடிபியையும் கேட்டார். அம்மா கொடுக்கவில்லை. "பென்ஷன் வரும் வழியை ஊரான் கையில் கொடுப்பேனா?" என்றார். பென்ஷன் தப்பியது அம்மாவால்தான்.

ஏப்ரலில் புக் திரும்பி வந்தது, கூடவே வெல்வெட் பெட்டியில் இரண்டு மெடல்கள். நான் அவற்றைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்தேன். அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து, மெடலின் முகத்தைப் பார்க்கவில்லை, விளிம்பைத்தான் விரலால் சுற்றிச் சுற்றித் தடவினார். பிறகு தன் ஒன்பதாண்டு மெடலை எடுத்து என் கையில் கொடுத்தார். விளிம்பில், நாணயத்தின் ஓரம் போன்ற அந்த மெல்லிய பட்டையில், அவருடைய நம்பர், ரேங்க், பெயர் எல்லாம் பொடி எழுத்தில் பதிந்திருந்தன. இத்தனை ஆண்டுகளாக அந்த மெடலுக்கு நான் பாலிஷ் போட்டிருக்கிறேன், ஒருநாளும் பார்த்ததில்லை. புதிய இரண்டின் விளிம்பும் மொழுமொழுவென்று இருந்தன. கடையில் யார் வேண்டுமானாலும் வாங்கக்கூடிய நகல்கள்.

அடுத்து புக்கைத் திறந்தார். பதக்கப் பகுதியில் புதிதாக இரண்டு வரிகள், ஊதா மையில் வட்ட சீல், ஒரு கிறுக்கல் கையெழுத்து. "ஸ்பெஷல் சர்வீஸ் மெடல், ஸ்ரீலங்கா" என்று மெடலின் பெயரும், அதோடு வரும் இடப்பெயர்ப் பட்டையும் சரியாகத்தான் இருந்தன. பணியாற்றிய காலம் மட்டும் 1988 முதல் 1991 பிப்ரவரி வரை என்று இருந்தது. அமைதிப்படையின் கடைசி ஆளே 1990 மார்ச்சில் திரிகோணமலையிலிருந்து கிளம்பிவிட்டான். அப்பா புக்கை மூடி என்னிடம் கொடுத்தார். ஒன்றும் சொல்லவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அந்த ஆளின் போன் அதற்குள் அணைந்துவிட்டது.

பணம் போனது ஒரு பங்கு என்றால், பெரிய கேடு அதற்குப் பிறகுதான். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் புக்கோடு போனேன். அங்கிருந்த உதவியாளர் இரண்டு நிமிடம் புரட்டிவிட்டுச் சொன்னார்: "இது ரெக்கார்ட் ஆபீஸ் பதிவு இல்லை. இந்தப் பக்கத்தின் நகலை நான் மேலே அனுப்பினால், உங்கள் அப்பாவே போலி சீல் குத்தினார் என்று ஆகிவிடும்." உண்மையான கோரிக்கையோடு போனவர், ஆவணத்தைத் திருத்தியவர் ஆகிவிடும் நிலை. அவர் சொன்னபடி முதலில் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து சி.எஸ்.ஆர் ரசீது வாங்கினோம். நடந்ததை அப்பா தன் கையாலேயே எழுதிக் கையெழுத்திட்டார். அவை இரண்டையும் இணைத்த பிறகுதான் எங்கள் மனு நகர்ந்தது.

சரியான வழி எவ்வளவு எளிது என்று தெரிந்தபோதுதான் எனக்கு ஆத்திரம் வந்தது. சிப்பாயின் சர்வீஸில் நடக்கும் ஒவ்வொன்றையும், மாறுதலானாலும் பதவி உயர்வானாலும் மெடலுக்கான தகுதியானாலும், யூனிட் பார்ட் டூ ஆர்டராக வெளியிட வேண்டும். அது ரெக்கார்ட் ஆபீஸில் அவருடைய ஷீட் ரோலில் ஏறும். டிஸ்சார்ஜ் புக் அதிலிருந்து எடுத்து எழுதியதுதான். ஆகவே திருத்தம் நடக்க வேண்டிய இடம் ஷீட் ரோல். அதை விட்டுவிட்டு டிஸ்சார்ஜ் புக்கில் மட்டும் ஒருவன் எழுதித் தந்தால் அது கிறுக்கல்தான். அப்பாவைப் போல ஒரு யூனிட்டைச் சேர்ந்தவராக இருந்து இன்னொரு யூனிட்டோடு இணைத்து அனுப்பப்பட்டவர்களுக்குத்தான் இது அதிகம் விடுபடுகிறது என்றார் அந்த உதவியாளர். இவன் எழுதுவான் என்று அவன் இருப்பான், அவன் எழுதுவான் என்று இவன் இருப்பான்.

செய்ய வேண்டியது, ரெக்கார்ட் ஆபீஸின் பொறுப்பு அதிகாரிக்கு ஒரு வெள்ளைத்தாள் மனு. சர்வீஸ் நம்பர், ரேங்க், எந்த யூனிட், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, என்ன விடுபட்டது என்பதை எழுதி, டிஸ்சார்ஜ் புக், பிபிஓ என்கிற ஓய்வூதிய ஆணை, அடையாள அட்டை ஆகியவற்றின் நகல்களை, கவனியுங்கள், நகல்களை மட்டும், இணைக்க வேண்டும். பழைய மூவ்மென்ட் ஆர்டர், லீவ் சர்டிபிகேட், ராணுவத் தபால் முத்திரை விழுந்த கடிதம், கூடப் பணியாற்றியவரின் எழுத்துச் சாட்சி என்று எது இருந்தாலும் சேர்க்கலாம். நல அலுவலகம் வழியாக அனுப்பினால் அவர்களே முகப்புக் கடிதம் போட்டு அனுப்புகிறார்கள். கட்டணம் கிடையாது. எங்களுக்கு ஆன செலவு பதிவுத் தபாலும் ஜெராக்ஸும்தான்.

அதற்கு முன் ஷீட் ரோலில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிடுவது நல்லது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் போஸ்டல் ஆர்டரோடு அப்பா தன் பெயரில் கேட்டார். பக்கத்துக்கு இரண்டு ரூபாய் கட்டச் சொல்லிக் கடிதம் வந்தது, கட்டினோம், நகல் வந்தது. நான் நெருப்பில் போய்விடும் என்று பயந்த கோப்பு.

அதில் லடாக் இருந்தது. 1993-லேயே முறையாக ஏறியிருக்கிறது. மெடல் மட்டும் வாங்கப்படாமலே விடுபட்டிருக்கிறது. 23,500 ரூபாய் கொடுத்து நான் வாங்கிய இரண்டில் ஒன்று, ஏற்கெனவே அப்பாவுக்கு உரியதாக ஏட்டில் காத்துக்கொண்டிருந்தது. இலங்கைக்கு ஒரே ஒரு வரி இருந்தது: 1988-ல் இணைப்புப் பணிக்குப் புறப்பட்டார். திரும்பி வந்ததற்குப் பதிவே இல்லை.

அப்பா அந்த வரியை இரண்டு முறை படித்தார். "அப்படியென்றால் நான் இன்னும் அங்கேதான் இருக்கிறேன்" என்றார். யாழ்ப்பாணத்தைப் பற்றி அவர் வாயிலிருந்து நான் கேட்ட முதல் வாக்கியம் அதுதான்.

லடாக் மெடலுக்கான மனு ஏற்கப்பட்டுவிட்டது. இலங்கைக்கு, அவர் இணைக்கப்பட்டிருந்த யூனிட்டைக் கேட்டு எழுதியிருப்பதாகப் பதில் வந்திருக்கிறது. சுபேதார் மாமா சாட்சி எழுதிக் கொடுத்தார், அந்தப் பலாலிப் படத்தின் நகலும் போயிருக்கிறது. மறுத்தால் சென்னையில் ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் அமர்வு இருக்கிறது. அதை அப்போது பார்த்துக்கொள்ளலாம். பணம் திரும்பவில்லை. டிஸ்சார்ஜ் புக் வழக்குக்காகக் காவல் நிலையத்தில் இருக்கிறது, நாங்கள் சான்றிட்ட நகலை வைத்துக்கொண்டு அலைகிறோம்.

போன வாரம் குடியாத்தத்திலிருந்து அப்பாவின் நண்பர் ஒருவர் பேசினார். ராணுவ கேன்டீன் வாசலில் ஒருவர் உட்கார்ந்திருக்கிறாராம், வேறு பெயர், வேறு போன் நம்பர், அதே நீல ஃபைல். எந்த ஆண்டு ஓய்வு பெற்றீர்கள் என்று இவரிடமும் கேட்டாராம். 2001 என்று இவர் சொன்னதும் உச்சுக்கொட்டிவிட்டு, ஒரிஜினல் புக் வீட்டில் இருக்கிறதா என்றாராம்.