8/5 ப்ரோக்ரஸிவ் வீடியோ போக்கர்: உட்காரும் முன் மீட்டரைப் பாருங்கள்

லாஸ் வேகாஸ் ஃப்ரீமான்ட் தெருப் பக்கம் ஒரு பழைய கேசினோ, பெயர் வேண்டாம். வரிசையாகக் கேம் கிங் என்ற வீடியோ போக்கர் மெஷின்கள் (திரையில் ஐந்து சீட்டு வரும், வேண்டியதைப் பிடித்துக்கொண்டு மற்றதை ஒரு முறை மாற்றலாம்), எல்லாவற்றுக்கும் பொதுவாகத் தலைக்கு மேலே ஒரு சிவப்பு மீட்டர். ஒரு காயின் கால் டாலர், ஆட்டம் ஜாக்ஸ் ஆர் பெட்டர், அதாவது குறைந்தது ஜாக் ஜோடியாவது வந்தால்தான் பணம். ஜாக்பாட் 1,000 டாலரில் தொடங்கி, யாராவது ராயல் ஃப்ளஷ் (ஒரே வகையில் 10, ஜாக், ராணி, ராஜா, ஏஸ்) அடிக்கும்வரை சென்ட் சென்ட்டாக ஏறும்.

ஆனால் முதலில் திரையில் பே டேபிளை, அதாவது எந்தக் கைக்கு எவ்வளவு என்ற பட்டியலைப் பாருங்கள். நல்ல மெஷினில் ஒரு காயினுக்கு ஃபுல் ஹவுஸுக்கு (ஒரே மதிப்பில் மூன்று, கூடவே ஒரு ஜோடி) 9, ஃப்ளஷுக்கு (ஐந்தும் ஒரே வகை) 6 தருவார்கள், இங்கே 8, 5தான். தப்பே இல்லாமல் ஆடினால் அங்கே 99.54 சதவீதம் திரும்ப வரும், இங்கே ஜாக்பாட் 1,000-இல் இருக்கும்போது 97.3. மீட்டர் 2,200 டாலர் பக்கம் போனால்தான் நமக்கும் கேசினோவுக்கும் சரிக்குச் சரி. நான் போனபோது 1,600 சொச்சம், அதற்கே ஒரு நாற்காலி காலி இல்லை!

எப்போதும் ஐந்து காயின் போடுங்கள், நாலு போட்டால் ராயலுக்கு 1,000 காயின், அதாவது வெறும் 250 டாலர், மீட்டர் உங்களுக்குக் கிடையாது. அப்புறம், மீட்டர் ஏற ஏற ஆட்டமும் மாறணும். ஆட்டின் ராஜா, ராணி, ஜாக், கூடவே கிளாவர் ராஜா வந்தால், சாதாரண மெஷினில் ராஜா ஜோடியைத்தான் பிடிக்க வேண்டும். 2,200-இல் ஜோடியை உடைத்து மூன்று ஆட்டினையும் வைத்துக்கொள்வதுதான் சரி. கை நடுங்கும், பரவாயில்லை.

இதில் யாரும் சொல்லாத விஷயம் செலவு. இப்படித் துரத்தி ஆடினாலும் ராயல் சராசரியாக 33,000 கைக்கு ஒன்றுதான், மணிக்கு 600 கை போட்டால் 55 மணி நேரம், அதுவரை மணிக்கு 40 டாலர் மாதிரி கரைந்துகொண்டே இருக்கும். இந்த லட்சணத்தில் நான் உட்கார்ந்த மெஷினில் சீட்டைப் பிடித்துவைக்கும் ஹோல்டு பட்டன்களில் நடுவில் இருப்பதை இரண்டு முறை அழுத்தினால்தான் பிடித்தது. டிரா அடித்து மற்ற சீட்டுகளை மாற்றும் முன் திரையில் ஹோல்டு என்று விழுந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

டூரிஸ்ட் விசாவில் இந்தியாவிலிருந்து போகிறவர்களுக்கு இன்னொரு அடி: ஜாக்பாட்டில் 30 சதவீதம் வரியாகப் பிடித்துக்கொண்டுதான் கையில் தருவார்கள். நம் கணக்குக்கு மீட்டர் 3,100 பக்கமாவது இருக்கணும், அதற்குள் உள்ளூர் ஆட்கள் வந்து இடம் பிடித்திருப்பார்கள்.