கண்ணாடி நுண்வினைக்கலன்: ஓராண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

எங்கள் ஆய்வகத்தில் திரவங்களை ஓடவிட்டு வேதிவினை நடத்தப் பயன்படும் இந்த நுண்வினைக்கலன், உள்ளங்கையளவுக் கண்ணாடித் தட்டினுள் 0.5 மில்லிமீட்டர் சதுரக் கால்வாய்களையும், அவற்றை ஒட்டிக் குளிர்நீர் ஓடும் மற்றோர் அடுக்கையும் கொண்டது. இதன் சிறப்பு வெப்பக் கடத்தலில்தான் உள்ளது. இந்த அளவுள்ள கால்வாயில் ஒரு கனமீட்டர் திரவத்துக்கு 8,000 சதுரமீட்டர் சுவர்ப்பரப்பு கிடைப்பதால், குடுவையில் துளித்துளியாகச் சேர்த்து அஞ்சியஞ்சிச் செய்யும் நைட்ரோ ஏற்றம் போன்ற வெப்பம் உமிழும் வினைகளையும் தொடர் ஓட்டமாக நடத்த முடிகிறது. எந்நேரமும் உள்ளே இருப்பது சில மில்லிலிட்டரே என்பதால் ஆபத்தும் குறைவு.

கலத்தல் அவ்வளவு எளிதன்று. இத்தனை குறுகிய வழியில் ஓட்டம் சுழலின்றி அடுக்கடுக்காகவே செல்வதால், இரு திரவங்களும் பெரும்பாலும் விரவலால், அதாவது மூலக்கூறுகள் தாமாகவே பரவுவதால்தான், கலக்கின்றன. கால்வாயின் அகலம் பாதியானால் அதற்கான நேரம் கால்பங்காகும் என்பதை உணர்ந்தே, வடிவமைத்தவர்கள் நுழைவாயிலருகே ஓட்டத்தைப் பிரித்து மீண்டும் இணைத்திருக்கிறார்கள், அது பாராட்டத்தக்கது.

பெருங்குறை அடைப்பு. வினையில் சிறிதளவு வீழ்படிவு தோன்றினாலும் அழுத்தம் ஏறிவிடுகிறது. கையேடோ வடிகட்டியைப் பற்றி மட்டும் பேசி, உள்ளேயே உருவாகும் திண்மத்தைப் பற்றி மௌனம் காக்கிறது. இணைப்பான்களில் இருமுறை கசிவும் கண்டோம். ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தையோ சூடான அடர்காரத்தையோ கையாள்வோர் கண்ணாடியைத் தவிர்த்து, சிலிக்கன் கார்பைடு வகையை நாடுவதே நல்லது.