திருகோணமலையில பழைய வால்வு ரேடியோ வாங்கப் போறவை கவனம்

போன மாதம் டவுனில ஒரு பழைய சாமான் கடையில 65,000 ரூபா குடுத்து வால்வு ரேடியோ ஒண்டு வாங்கினன். அப்பாவுக்குத்தான். இலங்கை வானொலியோடயே வளர்ந்த மனுசன். உள்ள இருக்கிற கண்ணாடி வால்வு சூடேறி மெல்ல மெல்லக் குரல் எழும்புறதை இன்னொருக்காக் கேக்கவேணும் எண்டு கனநாளாச் சொல்லிக்கொண்டிருந்தவர்.

"தம்பி, இது யப்பான்காரன் குண்டு போட்ட நேரம் டொக்யார்ட்டில இருந்த செட். வெள்ளைக்கார நேவி விட்டிட்டுப் போனது" எண்டார் கடைக்காரர். பக்கத்தில 1942 எண்டு அட்டையும் வைச்சிருந்தது. நான் யோசிச்சு நிக்க, முன்னுக்கு இருந்த, அமுக்கிற வெள்ளைக் கட்டையளில ஒண்டைத் தொட்டுக் காட்டினார். "பாருங்கோ, யூ.கே. எண்டு அடிச்சுக் கிடக்கு."

அவற்ற பெருவிரலுக்குக் கீழ இன்னொரு எழுத்து இருந்தது. யூ.கே.டபிள்யூ. அது 'உல்ட்ராகுர்ட்ஸ்வெல்லே' எண்ட ஜெர்மன் சொல்லின்ர சுருக்கம், எங்கட பண்பலை. ஜெர்மனியில பண்பலை ஒலிபரப்புத் துவங்கினதே 1949இல. அதோட 1942இல ஜெர்மனியோட சண்டை பிடிச்சுக்கொண்டிருந்த நேவிக்கு ஜெர்மன் ரேடியோ எங்கால?

காசு போனதைக் கூடப் பொறுக்கலாம். வீட்டில வைச்சுப் போட்ட ரெண்டாம் நாள், சத்தத்தைக் கூட்டப் போன அப்பா "ஐயோ" எண்டு கையை உதறினார். 76 வயசு. அண்டைக்குக் காலில செருப்பு இருந்தது. நான் ஓடிப்போய் சுவிட்சை நிப்பாட்டினன்.

உப்புவெளியில ரேடியோ திருத்துற ஐயா ஒருத்தர் வந்து பின்மட்டையைக் கழட்டினார். உள்ள இரும்புத் தட்டில டெஸ்டரை வைச்ச உடன பளிச்செண்டு எரிஞ்சுது. பிறகு வால்வொண்டைத் துணியால துடைச்சு, கண்ணாடியில இருந்த வெள்ளை எழுத்தைக் காட்டினார்: யூ.எல். 84. "முதல் எழுத்தைப் பாரும் தம்பி. 'ஈ' எண்டா 6.3 வோல்ட் வால்வு, அந்த செட்டில மெயின்ஸைத் தட்டில படாமப் பிரிச்சு வைக்கிற ட்ரான்ஸ்ஃபோமர் அநேகமா இருக்கும். 'யூ' எண்டா வால்வெல்லாத்தையும் வரிசையாத் தொடுத்து நேரா மெயின்ஸில குடுத்திருப்பினம். ரெண்டுபின் பிளக்கை மாறிச் செருகினா இந்தத் தட்டு முழுக்க 230 வோல்ட்."

அப்பிடிச் செய்தது கம்பனியின்ர பிழையில்ல. அந்தக் காலத்தில அப்பிடிக் கன செட் வந்தது. கை படுற இடமெல்லாம் பிளாஸ்டிக்காயும் மரமாயும் இருக்கிறமட்டும் ஆபத்தில்லை. ஆனா இந்தக் கடையில சத்தக் குமிழைக் கழட்டிப்போட்டு, பழசு மாதிரித் தெரியவேணுமெண்டு பித்தளைக் குமிழ் பூட்டியிருக்கினம். பித்தளை, அதுக்குள்ள இரும்புத் தண்டு, தண்டுக்குப் பின்னால மின்சாரம். அப்பான்ர விரலுக்கும் மெயின்ஸுக்கும் இடையில ஒண்டுமே இருக்கேல்ல.

வாங்கப் போனா முதல்ல பின்மட்டையைக் கழட்டச் சொல்லுங்கோ. மாட்டன் எண்டா வெளிக்கிட்டு வாங்கோ. வால்வில முதல் எழுத்து 'யூ' எண்டா, மெயின்ஸைப் பிரிச்சு வைக்கிற ஐசொலேஷன் ட்ரான்ஸ்ஃபோமர் இல்லாமப் போடவேண்டாம், உலோகக் குமிழோட தொடவே வேண்டாம்.

திருப்பிக் குடுக்கப் போனன். வித்த சாமான் எடுக்கமாட்டினமாம். வரேக்க கண்ணாடி அலுமாரியைப் பாத்தன். அதே அட்டை, வேற செட். ரெண்டு குமிழும் பித்தளை.