ஏ.ஆர்-15 பஃபர் எடை கிட்: வாங்கலாம், ஆனால் தனியாக வாங்கிப் பயனில்லை

ஏ.ஆர்-15 ரைஃபிளில் உதை குறைய வேண்டும் என்றால் பலரும் முதலில் கை வைப்பது பஃபரில்தான், அதாவது பின்கட்டையின் டியூபுக்குள் ஸ்பிரிங்கோடு ஓடும் எடைத் துண்டில். கனமானது ஒன்றைப் போட்டால் துப்பாக்கி சாதுவாகிவிடும் என்பது அமெரிக்க ரேஞ்சுகளில் புழங்கும் நம்பிக்கை. அது எவ்வளவு தூரம் சரி என்று பார்க்க இந்த எடை கிட்டுகள் நல்ல வழி. பல கம்பெனிகள் விற்கின்றன, உள்ளே இருப்பது ஏறக்குறைய ஒன்றுதான்: ஒரு கார்பைன் (குட்டை ரைஃபிள்) பஃபர், மூன்று எஃகுத் துண்டுகள், மூன்று டங்ஸ்டன் துண்டுகள். சிலவற்றில் அலுமினியமும் வரும்.

மூன்றும் எஃகு என்றால் பஃபர் சுமார் 85 கிராம் (3.0 அவுன்ஸ்). ஒரு எஃகை எடுத்து டங்ஸ்டன் போட்டால் 108 கிராம், அதுதான் ‘ஹெச்’. இரண்டு போட்டால் 130, ‘ஹெச்2’. மூன்றும் போட்டால் 153, ‘ஹெச்3’. ஒவ்வொரு மாற்றத்துக்கும் 23 கிராம் அளவில் ஏறும். வந்ததும் சமையலறைத் தராசில் வைத்துப் பாருங்கள். டங்ஸ்டனுக்குத்தான் காசு கொடுக்கிறோம், அது சரியாக இருக்கிறதா என்று தெரிய வேண்டாமா?

துண்டு மாற்றுவது பத்து நிமிட வேலை. மேகசினைக் கழற்றி, சேம்பர் (தோட்டா அமரும் அறை) காலி என்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதி செய்த பிறகே தொடங்குங்கள். பஃபரை வெளியே எடுத்து, அதன் வால்பக்க ரோல் பின்னைப் பஞ்ச் கருவியால் தட்டி எடுத்தால் பிளாஸ்டிக் முனை கழன்று வரும், துண்டுகள் வழுக்கிக்கொண்டு விழும். இடையிலுள்ள ரப்பர் வில்லைகளைத் தொலைத்துவிட வேண்டாம். அவை இல்லாவிட்டால் உலோகத்தில் உலோகம் மோதி விளிம்பு நசுங்கும். திரும்பப் பூட்டியதும் காதருகே குலுக்கினால் ‘டக் டக்’ என்று கேட்க வேண்டும். சேம்பரை அடைக்கும் போல்ட் மூடிய ஒரு கணம் கழித்து இந்தத் துண்டுகள் முன்னால் வந்து இடிப்பதால்தான் கேரியர் (போல்டைச் சுமந்து முன்னும் பின்னும் ஓடும் பாகம்) துள்ளாமல் நிற்கிறது. ஆட இடமில்லாமல் இறுக்கிவிட்டால் அந்தப் பலன் போய்விடும். ரோல் பின் துருத்திக்கொண்டிருந்தால் டியூபின் உட்சுவரைக் கீறும்.

இனி உதைக்கு வருவோம். குண்டும் வெடிமருந்து வாயுவும் தரும் மொத்த உதையை எந்தப் பஃபரும் குறைக்காது. அது எப்படிப் பிரிந்து தோளுக்கு வருகிறது என்பதைத்தான் மாற்ற முடியும். சுட்ட கணம் ஒரு தள்ளல், கேரியர் பின்கோடியில் முட்டும்போது இரண்டாவது, திரும்பி வந்து மூடும்போது முன்பக்கமாக மூன்றாவது. கனம் கூட்டினால் இரண்டாவது மெத்தென்று ஆகும், மூன்றாவது மொத்தென்று ஆகும். ஹெச்3-ஐப் போட்டு, அதோடு கடினமான ஸ்பிரிங்கையும் சேர்த்துவிட்டு, ஃபோனில் நொடிக்கு 240 ஃபிரேம் வேகத்தில் படம் எடுத்துப் பாருங்கள். போல்ட் மூடும்போது குழல்முனை குனிந்து, குறிநோக்கியின் சிவப்புப் புள்ளி இலக்குக்குக் கீழே இறங்கி மறுபடி ஏறும்.

அதனால்தான் போட்டியில் சுடுகிறவர்கள் பலர் எதிர்த்திசையில் போகிறார்கள். முழுக் கேரியர் தொகுதி சுமார் 330 கிராம். 250-க்குக் கீழேயும் கிடைக்கிறது. எடையைக் குறைத்துவிட்டு கேஸை, அதாவது குழலிலிருந்து வந்து கேரியரைப் பின்னால் தள்ளும் வாயுவை, அப்படியே விட்டால் வினை. சேம்பரில் அழுத்தம் தணியும் முன்பே போல்ட் திறந்து, உறையை இழுத்தெடுக்கும் கொக்கியான எக்ஸ்ட்ராக்டர் தோட்டா உறையின் விளிம்பைக் கிழிக்கும். மலிவான, வலுவில்லாத தோட்டாவிலும் இயங்கட்டும் என்று பல தயாரிப்பாளர்கள் கேஸ் துளையைத் தாராளமாகப் போட்டுவிடுவதும் நிலைமையை மோசமாக்குகிறது. வாயுவின் அளவைக் கூட்டிக் குறைக்கும், அட்ஜஸ்ட் செய்யக்கூடிய கேஸ் பிளாக் இல்லாமல் இந்தக் கிட்டின் பாதி மதிப்பு வீண்.

எடையை முதலில் முடிவு செய்து, பிறகு கேஸைத் தொடுங்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எது எதைச் செய்தது என்று தெரியாது. கேஸை நன்றாகக் குறைத்து, மேகசினில் ஒரே ஒரு தோட்டா போட்டுச் சுடுங்கள். போல்ட் பின்னால் நிற்காவிட்டால் ஒரு கிளிக் திறங்கள். தொடர்ந்து ஐந்து முறை நின்றதும் இன்னும் இரண்டு கிளிக் கூட்டிவிடுங்கள். அழுக்குக்கும் குளிருக்குமான இருப்பு அது. சோதனைக்கு உங்களிடம் இருப்பதிலேயே வலுவில்லாத .223 தோட்டாதான் சரி. அதைவிட வலுவான 5.56 தோட்டாவில் டியூன் செய்த துப்பாக்கி அதில் திக்கும்.

குழல்முனையை 12 மணி என்று வைத்தால், காலி உறைகள் 3-க்கும் 4:30-க்கும் இடையே விழுவது நல்ல அறிகுறி. 1, 2 பக்கம் பறந்தால் கேஸ் அதிகம். உறையை வெளியே தள்ளும் எஜெக்டரின் ஸ்பிரிங்கும் இதை மாற்றும் என்பதால் இதை மட்டும் நம்ப வேண்டாம். கார்பைன் ஸ்பிரிங் 10 1/16 அங்குலத்துக்குக் கீழே (சுமார் 256 மி.மீ.) சுருங்கியிருந்தால் முதலில் அதை மாற்றுங்கள். தளர்ந்த ஸ்பிரிங்கோடு டியூன் செய்வது, காற்று இறங்கிய டயரோடு வீல் அலைன்மென்ட் பார்க்கிற கதை.

கன்னத்தருகே கேட்கும் ‘ட்ட்டொய்ங்’ சத்தத்துக்கு இந்தக் கிட்டில் மருந்தில்லை. அது தொல்லை என்றால் ஜே.பி. நிறுவனத்தின் சைலன்ட் கேப்சர்ட் ஸ்பிரிங் பக்கம் போகலாம். ஸ்பிரிங் ஒரு கம்பியில் கோர்த்திருப்பதால் டியூபில் உரசாது.

நீள ரைஃபிள் டியூபில் இந்தக் கார்பைன் பஃபரைப் போடவே கூடாது. கேரியர் அளவுக்கு மீறிப் பின்னால் போய், அதன் மேலுள்ள கீ (வாயு நுழையும் குழாய்) ரிசீவரில் (துப்பாக்கியின் உடற்பகுதி) மோதும். 9 மி.மீ. புளோபேக் துப்பாக்கிக்கும் மேலே சொன்ன ‘எடை குறை’ யோசனை ஆகாது. அதில் போல்டைப் பூட்டும் அமைப்பே கிடையாது. உறையைச் சேம்பரில் பிடித்து வைத்திருப்பது போல்ட், பஃபர் இரண்டின் கனம்தான். குறைத்தால் அழுத்தம் இருக்கும்போதே உறை வெளியே வந்து வெடிக்கும்.