சாக்ஸபோனுக்குத் துணை: தவிலா, பியானோவா?

எங்கள் கும்பகோணம் பக்கம் கல்யாணத்தில் சாக்ஸபோன் என்றால் கூடவே தவில் வரும். சாக்ஸபோன், கத்ரி கோபால்நாத் கர்நாடக இசைக்குப் பழக்கிய வாத்தியம். சுரத்தை அசைத்து இழைக்கும் கமகம் அதில் வளைந்து வளைந்து வரும், தவில் தெருக்கோடி வரை கேட்கும்.

பியானோ துணையென்றால் கதையே வேறு. அதன் 88 கட்டைகளுக்கும் சுருதி நிலையானது. இரண்டு சுரங்களுக்கு நடுவே வழுக்கிப் போக முடியாது. ஆனால் ஒரே நேரத்தில் பல சுரங்களை அடுக்கி, சாக்ஸபோனின் ஒற்றை மெட்டுக்கு அடியில் நிறம் மாற்றிக்கொண்டே இருக்கும். எழுதிவைத்த மேற்கத்திய கிளாசிக்கல் பகுதியிலிருந்து, அந்த நேரத்தில் தோன்றுவதை வாசிக்கும் ஜாஸ் மனோதர்மத்துக்குள் சாக்ஸபோன்காரரும் பியானோக்காரரும் நழுவும் இடம், கீர்த்தனைக்குள் கற்பனையாகச் சுரம் கோக்கும் கல்பனாஸ்வரம் தொடங்குவது போலவே எனக்குப் படுகிறது.

ஊர்வலத்துக்குத் தவில்தான், சந்தேகமில்லை. ராத்திரி சின்ன அரங்கில், மைக் இல்லாமல் கேட்க? எனக்குப் பியானோ. சரி, காவிரிக்கரை ஈரத்தில் அதன் சுருதி விலகும். கச்சேரிக்கு முன் சுருதி சேர்க்கும் ட்யூனர் வந்தே ஆகவேண்டும்.