ஓடிபி வரவே இல்லை, ஆனாலும் பணம் போய்விட்டது

கார்டு என் பர்ஸில்தான் இருந்தது. யாரிடமும் ஓடிபி சொல்லவில்லை, எந்த லிங்கையும் தொடவில்லை. அப்படியும் ஒரே ராத்திரியில் என் கிரெடிட் கார்டில் 46,300 ரூபாய் போய்விட்டது.

முதல் மெசேஜ் இரவு இரண்டே முக்காலுக்கு வந்தது. 1 டாலர் என்று இருந்தது. தூக்கக் கலக்கத்தில் ஏதோ விளம்பரம் என்று நினைத்து போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். கார்டு வேலை செய்கிறதா என்று திருடர்கள் பார்ப்பதே இப்படிச் சின்னத் தொகையை எடுத்துத்தான். காலையில் பால் வாங்கக் கிளம்பும்போது பார்த்தால் இன்னும் மூன்று மெசேஜ், எல்லாம் டாலரில், நான் கேள்விப்பட்டே இராத ஒரு வெளிநாட்டுத் தளத்தின் பெயரில். வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

ஆப்பில் கார்டை பிளாக் செய்தேன். கார்டின் பின்னால் அச்சிட்டிருக்கும் எண்ணுக்கு அழைத்துப் புகார் எண் வாங்கினேன். அடுத்து, இணையப் பண மோசடிப் புகாருக்கான அரசு உதவி எண் 1930-க்கும் அழைத்தேன். (வங்கியின் எண்ணை கூகுளில் தேடாதீர்கள். போலி எண்கள் நிறைய உலவுகின்றன.)

பத்து மணிக்கு வங்கிக் கிளைக்குப் போனேன். அங்கிருந்த அதிகாரி, “ஓடிபி யாருக்காவது சொல்லியிருப்பீங்க சார், நல்லா யோசிச்சுப் பாருங்க” என்றார். பணம் போனதைவிட இதுதான் வலித்தது. வராத ஓடிபியை யாரிடம் சொல்வது? நம் நாட்டுத் தளங்களில் கார்டு எண்ணைப் போட்டு வாங்கினால் பொதுவாக ஓடிபி கேட்கும். வெளிநாட்டுத் தளங்கள் பலவற்றில் கார்டு எண், காலாவதித் தேதி, சிவிவி என்ற ரகசிய எண் இந்த மூன்றும் இருந்தாலே போதும். மகளின் ஆன்லைன் வகுப்புக்காக ஒருமுறை வெளிநாட்டுப் பரிவர்த்தனையை ஆன் செய்திருந்தேன், திரும்ப ஆஃப் செய்யவில்லை. எண் எங்கே கசிந்தது என்று இன்றுவரை தெரியவில்லை.

ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை 6 சுற்றறிக்கையை அச்செடுத்துக்கொண்டு மறுநாள் மீண்டும் போனேன். அதன்படி, தவறு வங்கி மீதும் இல்லை, நம் மீதும் இல்லை என்றால், பணம் போன தகவல் வங்கியிடமிருந்து வந்த மூன்று வேலை நாளுக்குள் புகார் கொடுத்தவருக்கு இழப்பு கிடையாது. புகார் கொடுத்த பத்து வேலை நாளுக்குள் வங்கி தொகையைத் தற்காலிகமாக வரவு வைக்க வேண்டும். தவறு நம்முடையது என்றால் அதை நிரூபிக்க வேண்டியதும் வங்கிதான். இதையெல்லாம் எழுதி, முத்திரையும் தேதியும் போட்ட நகல் வாங்கிய பிறகுதான் பேச்சின் தொனியே மாறியது. ஒன்பதாவது வேலை நாளில் பணம் வரவானது. விசாரணை முடிந்து அது நிலையாக இரண்டு மாதம் பிடித்தது. வாய்ப்பேச்சோடு திரும்பியிருந்தால் நிச்சயம் கிடைத்திருக்காது.

உங்கள் வங்கி ஆப்பைத் திறந்து கார்டு பகுதிக்குப் போங்கள். வெளிநாட்டுப் பரிவர்த்தனைக்குத் தனி ஸ்விட்ச் இருக்கும். 2020 முதல் இந்த வசதியைத் தர வேண்டியது வங்கிகளின் கடமை. தயவுசெய்து இப்போதே பாருங்கள். அன்று இரவு என் மனைவியின் கார்டையும் பார்த்தேன். வெளிநாட்டிலிருந்து அவர் எதுவுமே வாங்கியதில்லை. அதிலும் ஆன் என்றுதான் இருந்தது.