மேரி கோமா, கேட்டி டெய்லரா?

திருகோணமலையில் குத்துச்சண்டைக் கையுறை மாட்டும் பிள்ளைகள் யாருடைய பாதையைப் பார்க்க வேண்டும் என்று கேட்டால், என் வாக்கு இந்தியாவின் மேரி கோமுக்குத்தான்.

2002 முதல் 2018 வரை ஆறு உலகத் தங்கங்கள். 2007இல் இரட்டைக் குழந்தைகள் பிறந்தன. அடுத்த ஆண்டே மறுபடியும் உலகச் சாம்பியன்! பிள்ளை பிறந்தால் விளையாட்டு முடிந்தது என்று சொல்லும் நம் ஊர்ப் பெரியவர்களுக்கு இதைக் கட்டாயம் சொல்லுங்கள். 2012 லண்டனில்தான் பெண்கள் குத்துச்சண்டை ஒலிம்பிக்குக்கு வந்தது. அங்கே மிகக் குறைந்த எடைப்பிரிவே 51 கிலோ. 48 கிலோவில் உலகப் பட்டம் வென்றிருந்தவர், தன்னைவிடப் பெரியவர்களோடு மோதி வெண்கலம் எடுத்தார்.

அதே லண்டனில் 60 கிலோவில் தங்கம் அயர்லாந்தின் கேட்டி டெய்லருக்கு. 2016இல் தொழில்முறைக் குத்துச்சண்டைக்குப் போனார், 2019இல் லைட்வெயிட் எடைப்பிரிவின் நான்கு பெரிய பட்டங்களும் அவர் கையில். தொழில்முறையில் தலைக்கவசம் கிடையாது. பட்டப் போட்டி என்றால் இரண்டு நிமிடச் சுற்றுகள் பத்து. பணமும் புகழும் அங்கேதான், சரி. ஆனால் போட்டி ஏற்பாடு செய்து பணம் போட ஆள் வேண்டும். உப்புவெளி மணலில் விடியற்காலை ஓடிப் பழகும் தங்கச்சிக்கு மூன்று நிமிடச் சுற்றுகள் மூன்று கொண்ட அமெச்சூர் (தொழில்முறை அல்லாத) போட்டிதான் முதல் வாசல். கேட்டியும் அந்த வழியாகத்தான் வந்தார்.